மேட்டில் நின்ற வண்டி

திண்டிவனம் என்னும் ஊர்ப்பெயருக்குப் புளியங்காடு என்பது பொருள். வடமொழியில் திந்திரிணி என்றால் புளியமரம். திந்திரிணி வனமே மக்கள் நாவில் திண்டிவனம் ஆயிற்று என்பர். அவ்வூரில் கோயில் கொண்டிருக்கும் இறைவனின் திருப்பெயரும் திந்திரிணீசுவரர் என்பதேயாகும். அங்கிருந்து கூட்டேரிப்பட்டையும் விக்கிரவாண்டியையும் கடந்து, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்றால் விழுப்புரத்தை அடையலாம். சென்னையையும் திருச்சிராப்பள்ளியையும் இணைக்கும் பெருஞ்சாலையின் ஒரு பகுதி இது. இருமருங்கும் நெல் வயல்கள், கரும்புத் தோட்டங்கள். அவற்றினிடையே, இவ்வட்டாரத்தார் மல்லாட்டை என்று வழங்கும் மணிலாக்கொட்டை விளையும் செம்மண் கொல்லைகள். மேற்கே தொலைவில் செஞ்சிக் குன்றுகள் நீல நிறத்தில் தோன்றும். ஆனால் சாலையோ பெரும்பாலும் சமதளமாகவே ஓடுகிறது.

மேட்டில் ஏறும் மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச வந்தவன் மேடே இல்லாத ஊரைப் பற்றிப் பேசுகிறானே என்று மாணவ நண்பர்கள் எண்ணக்கூடும். காரணம் உண்டு. மலைநாட்டில் பிறந்தவனுக்கு மேடு அன்றாடத் தோழன். அவன் அதனை அஞ்சான். சமவெளியில் வளர்ந்தவனுக்கோ மேடு என்பது எப்போதோ எதிர்ப்படும் பகைவன். எதிர்பாராத இடத்தில் எதிர்ப்படும் பகையே அச்சம் மிக்கது அன்றோ?

இந்தச் சமவெளியில் மேட்டை உண்டாக்கியது யார்? இயற்கை அன்று, மனிதனே ஆவான். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இருப்புப்பாதை இந்நாட்டுக்கு வந்தது. 1879ஆம் ஆண்டில் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிளைப்பாதை திறக்கப்பட்டது. பின்னர்த் திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கும் பாதை சென்றது. இவ்வாறு விழுப்புரம் ஒரு பெரிய சந்திப்பு ஆயிற்று. இருப்புப்பாதையும் சாலையும் குறுக்கிடும் இடங்களில் முதலில் இருந்தவை கதவுகளே. ரயில் வரும்; கதவு மூடப்படும்; வண்டிகள் காத்து நிற்கும். வண்டிகள் பெருகப் பெருகக் காத்திருப்பும் பெருகிற்று. ஆகவே, இருப்புப்பாதைக்கு மேலே சாலையைத் தூக்கிக் கட்டினார்கள். அதுவே மேம்பாலம்.

சாலை மேலே எழ வேண்டுமானால் சரிவு வேண்டும். எவ்வளவு சரிவு? இந்தியச் சாலைக் கழகம் 1934ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது. சமவெளிச் சாலைகளில் 30 அடிக்கு 1 அடி உயர்வதே தக்கது என்றும், இன்றியமையாத இடத்தில் 20 அடிக்கு 1 அடி வரை உயரலாம் என்றும் அக்கழகத்தின் விதிகள் வகுக்கின்றன. 8 மீட்டர் உயரத்தை 30க்கு 1 என்ற சரிவில் எட்ட வேண்டுமானால், 240 மீட்டர் நீளமுள்ள ஏற்றம் வேண்டும். வேகமாகச் செல்லும் வண்டிக்கு இந்த ஏற்றம் ஒரு பொருட்டே அன்று. ஏற்றத்தின் நடுவே நிற்க நேர்ந்த வண்டிக்கு அதுவே பெரும் பொருள்.

ஒரு காட்சியை உள்ளத்தில் எழுதிப் பாருங்கள். மாலை ஆறு மணி. மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. நடுவே ஒரு சிறிய கார். அதை ஓட்டுபவர் ஓட்டப் பழகிச் சில திங்களே ஆனவர். அவருக்குப் பின்னால், இரண்டு முழ இடைவெளியில், மிதிவண்டியில் ஒரு கால் ஊன்றியபடி பள்ளி விட்டுத் திரும்பும் ஒரு சிறுமி நிற்கிறாள். முன் வண்டி நகர்கிறது. நம் காரோட்டியும் நகர வேண்டும். அவருக்குக் கால்கள் இரண்டு, மிதிகளோ மூன்று. இடக்கால் கிளட்சின்மேல் இருக்கிறது. வலக்கால் பிரேக்கின்மேல் இருக்கிறது. வண்டி முன்னே செல்ல வேண்டுமானால் வலக்கால் பிரேக்கை விட்டு ஆக்ஸிலரேட்டருக்கு மாற வேண்டும். அந்த மாற்றத்துக்கு ஆகும் ஒரு நொடியில் வண்டியைப் பிடித்து நிறுத்துவார் ஒருவரும் இலர். எஞ்சினின் ஆற்றல் இன்னும் சக்கரத்தை அடையவில்லை. பிரேக்கின் பிடியோ விலகிவிட்டது. புவியின் ஈர்ப்பு மட்டும் ஓய்வதில்லை. வண்டி பின்னோக்கி உருள்கிறது.

எவ்வளவு உருளும் என்பதை நீங்கள் பள்ளியில் படித்த கணக்கைக் கொண்டே அறியலாம். 20க்கு 1 என்ற சரிவில், உராய்வைக் கணக்கில் கொள்ளாவிடில், வண்டி முதல் ஒரு நொடியில் கால் மீட்டர் உருளும். இரண்டு நொடியில் ஒரு மீட்டர் உருளும். மூன்று நொடியில் இரண்டு மீட்டருக்கும் மேல் உருளும். காலம் இருமடங்கானால் தொலைவு நான்மடங்காகும் என்பது கலிலியோ கண்ட உண்மை. சாய்ந்த பலகையில் உருண்டைகளை உருட்டிப் பார்த்து அவர் இதனைக் கண்டார். 1638ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். அந்த உருண்டையைச் சற்று நினைவில் வைத்திருங்கள்; நம் கதையில் அது மீண்டும் வரும். இப்போதைக்கு நாம் அறிய வேண்டியது ஒன்றே. ஒரு நொடி தயங்கினால் சிறுமியின் மிதிவண்டிக்கு ஊறில்லை. இரண்டு நொடி தயங்கினால் உண்டு. ஒரு நொடிக்கும் இரண்டு நொடிக்கும் இடையேயுள்ள அந்தச் சிறு வேளையின் வரலாறே இன்றைய பேச்சு.

வண்டி மேட்டில் நின்றால் என் செய்வது என்னும் வினா மோட்டார் வண்டியோடு பிறந்ததன்று. சக்கரத்தோடு பிறந்தது. நெல் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஆற்றுக் கரையில் ஏறுகிறது. மாடுகள் இளைத்து நிற்கின்றன. மாடு முன்னே இழுக்க வல்லது. பின்னே சரியும் பாரத்தை நெடுநேரம் தாங்க வல்லதன்று. அப்போது வண்டிக்காரரின் மகனோ உடன்வந்த ஆளோ கீழே குதித்து, ஒரு கல்லை எடுத்துச் சக்கரத்தின் பின்னே வைப்பார். மாடுகள் மூச்சு வாங்கும். பிறகு வண்டிக்காரர் அதட்டுவார், மாடுகள் எட்டு வைக்கும், வண்டி நகரும். கல் அங்கேயே கிடக்கும். எளிய முறைதான். ஆனால் கல்லை வைத்தவனுடைய கை, சரியும் சக்கரத்துக்கு எத்தனை விரற்கடைத் தொலைவில் இருந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

இதே கலையின் பெருவடிவத்தைத் தேர்த் திருவிழாவில் காணலாம். திண்டிவனத்துக்குத் தெற்கே மயிலம் என்னும் ஊரில், குன்றின்மேல் முருகன் கோயில் இருக்கிறது. அங்கே பங்குனி உத்திரத்தில் தேரோட்டம் நிகழும். இதே விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த மேல்மலையனூரில், மாசித் திங்களில் அங்காளம்மனுக்குத் தேர்விழா நிகழும். ஆயிரம் கைகள் வடம் பிடித்து இழுக்கும் தேரை நிறுத்துவது எது? வடத்தைக் கீழே போட்டால் தேர் உடனே நின்றுவிடாது. சக்கரத்தின் அடியில் மரக்கட்டையை இடவேண்டும். தேரைத் திருப்புவதும் அக்கட்டையாலேதான். அதற்கு முட்டுக்கட்டை என்று பெயர். அதனை இடுவோர் தேரின் ஓட்டத்தையும் தெருவின் சரிவையும் கண்ணாலே அளப்பவர்கள். உருளும் சக்கரத்தின் முன் குனிந்து நின்று கட்டையை இட்டு, மறுகணமே விலகும் வித்தை அவர்களுடையது.

நாம் இன்று நல்ல செயலைத் தடுப்பவனைப் பார்த்து, 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்று இகழ்கிறோம். சொல்லின் வரலாறு தெரியாத இகழ்ச்சி அது. தேரின் முட்டுக்கட்டை தேருக்குப் பகையன்று, காவல். முட்டுக்கட்டை இல்லாத தேர் நிலைக்கு வந்து சேராது. வீட்டுச் சுவரில் மோதும், அல்லது மக்கள்மீது பாயும். நிறுத்தத் தெரிந்தவனே ஓட்டத் தெரிந்தவன் என்னும் உண்மையை அச்சொல் தன்னுள் ஒளித்து வைத்திருக்கிறது.

இனி மோட்டார் வண்டியின் காலத்துக்கு வருவோம். 1888ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்னும் அம்மையார், தம் கணவர் கார்ல் பென்ஸ் அமைத்த மூன்று சக்கர மோட்டார் வண்டியில், தம் மைந்தர் இருவரையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம் அது. உலகில் நிகழ்ந்த முதல் நெடும் மோட்டார்ப் பயணம் என்று அதனைப் போற்றுவர். ஆனால் வழியில் மேடுகள் வந்தன. வண்டிக்கு இருந்த இரண்டு கியர்களும் மேட்டுக்குப் போதவில்லை. மைந்தர்கள் இறங்கித் தள்ளினார்கள். இறக்கத்திலோ பிரேக்கு தேய்ந்தது. அம்மையார் சக்கிலியர் ஒருவரைக் கொண்டு பிரேக்கின்மேல் தோல் பொருத்தச் செய்தார். ஊர் திரும்பியபின், மேடேறத் தக்க தாழ்ந்த கியர் ஒன்று வேண்டும் என்று கணவரிடம் கூறினார். இன்று நாம் 'பர்ஸ்ட் கியர்' என்று வழங்குவது மேட்டுக்காக வேண்டப்பட்ட கியரின் வழிவந்தது எனலாம். மோட்டார் வண்டிக்கு முதல் ஆசிரியர் மேடுதான்.

அந்நாளைய வண்டிகளில் பிரேக்கைச் சக்கரத்தோடு இணைத்தவை கம்பிகளும் கோல்களும். கையால் இழுத்து நிறுத்தும் கைப் பிரேக்கும் இருந்தது. மேட்டில் நின்ற வண்டியைக் கிளப்பும் பழைய முறை கைப் பிரேக்கை நம்பியதே. கைப் பிரேக்கை இழுத்து வண்டியை நிறுத்துக. கிளட்சை மிதித்து முதல் கியரில் இடுக. வலக்காலால் ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்துக. இடக்காலைச் சிறிது சிறிதாக உயர்த்துக. எஞ்சின் சக்கரத்தைப் பற்றிக்கொண்டது என்பதை வண்டியின் முன்பக்கம் சற்றே எழுவதாலும், எஞ்சினின் ஓசை தாழ்வதாலும் அறிக. அந்தக் கணத்தில் கைப் பிரேக்கைத் தளர்த்துக. வண்டி ஒரு விரற்கடையும் பின்வாங்காமல் முன்னே செல்லும். எழுதுவதற்கு ஆறு வரி. கை பழகுவதற்கு ஆறு வாரம்.

இதற்கிடையே பிரேக்கின் அமைப்பிலும் ஒரு மாறுதல் வந்தது. அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசையிலும் ஒப்பப் பரவும் என்பது பாஸ்கல் கண்ட விதி. இவ்விதியைப் பிரேக்கில் பயன்படுத்தி, நீர்மத்தின் வாயிலாக நான்கு சக்கரங்களையும் ஒருசேரப் பிடிக்கும் முறை 1920களில் அமெரிக்கக் கார்களில் பரவிற்று. மிதியை அழுத்தினால் குழாயில் உள்ள பிரேக் எண்ணெய் சக்கரத்தை நோக்கித் தள்ளப்படும். காலை எடுத்தால் எண்ணெய் திரும்பி வரும். இங்கே ஒரு நுட்பம் பிறந்தது. திரும்பி வரும் எண்ணெயின் வழியை அடைத்துவிட்டால், காலை எடுத்த பின்னும் பிரேக்கு பிடித்தபடியே இருக்கும் அன்றோ? கல்லும் வேண்டா, கட்டையும் வேண்டா, ஒரு சிறு கதவே போதும்.

அந்தக் கதவைச் செய்து காட்டியவர்கள் அமெரிக்காவின் வாக்னர் எலெக்ட்ரிக் நிறுவனத்தார். பெண்டிக்ஸ் நிறுவனம் அதனை உற்பத்தி செய்தது. 1936ஆம் ஆண்டில் ஸ்டூடிபேக்கர் நிறுவனம் தன் 'பிரசிடெண்ட்' என்னும் காரில் அதனை முதன்முதலாகப் பொருத்திக் கொடுத்தது. மேட்டில் தாங்கி என்னும் பொருள்படும் பெயர் அதற்கு இடப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே ஹட்சன், நாஷ் முதலிய பிற கார்களிலும் அது இடம்பெற்றது. அதனை முதலில் ஏற்ற ஸ்டூடிபேக்கர் நிறுவனத்தின் முன்வரலாறு சுவையானது. 1852ஆம் ஆண்டில் இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில், உடன்பிறந்தார் இருவர் ஒரு கொல்லுப் பட்டறை திறந்தனர். அப்பட்டறை குதிரை வண்டிகளைக் கட்டிப் பெரும்புகழ் பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் மோட்டார் வண்டிக்கு மாறியது. மேட்டில் நின்ற குதிரை வண்டிக்குக் கல் வைத்த மரபில் வந்தவர்களே, மோட்டார் வண்டிக்குக் கல்லுக்கு ஈடான கருவியை முதலில் ஏற்றனர் என்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

அக்கருவி எவ்வாறு வேலை செய்தது? இங்கேதான் கலிலியோவின் உருண்டை மீண்டும் வருகிறது. பிரேக் எண்ணெய் திரும்பும் வழியில் ஒரு சிறு அறை. அதனுள் ஓர் உலோக உருண்டை. வண்டி சமதளத்தில் இருக்கும்போது உருண்டை வழியை விட்டு விலகிக் கிடக்கும். வண்டி முகம் நிமிர்ந்து மேட்டில் நிற்கும்போது, அந்த உருண்டை தானும் பின்னோக்கி உருண்டு, துவாரத்தின் வாயில் வந்து அமரும். எண்ணெய் திரும்பாது, பிரேக்கு விடாது. ஆனால் கிளட்ச் மிதி அழுந்தியிருக்கும் வரைதான் உருண்டை அங்கே அமர முடியும். கிளட்சைத் தளர்த்தி எஞ்சின் சக்கரத்தைப் பற்றும்போது, கிளட்சோடு இணைந்த ஒரு நெம்புகோல் உருண்டையைத் தள்ளி வழியைத் திறந்துவிடும். வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் அதே ஈர்ப்பு விசைதான் உருண்டையையும் உருட்டி வண்டியைக் காக்கிறது. நோயையே மருந்தாக்கிய அறிவு இது. மின்சாரம் இல்லை; கணிப்பொறி இல்லை; ஓர் உருண்டையும் ஒரு துவாரமுமே!

இத்துணை எளிய கருவி உலகெங்கும் ஏன் பரவவில்லை? ஓட்டுபவர் கியர் மாற்ற வேண்டாத தானியங்கிக் கியர் அமைப்பை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவ்வகைக் கார் அமெரிக்காவில் விரைந்து பெருகிற்று. அதில் கிளட்ச் மிதியே இல்லை. பிரேக்கை விட்டாலும் எஞ்சின் சக்கரத்தைச் சிறிது முன்னே தள்ளிக்கொண்டே இருக்கும். ஆகவே, மேட்டில் தாங்கும் கருவிக்கு அங்கே தேவை குறைந்தது. ஸ்டூடிபேக்கர் நிறுவனமும் 1966ஆம் ஆண்டில் கார் செய்வதை நிறுத்திவிட்டது. பிற்காலத்தில் ஜப்பானியச் சுபாரு நிறுவனம் போன்ற சிலர் கையால் கியர் மாற்றும் தம் கார்களில் இக்கருத்தைப் போற்றிக் காத்தனர். மற்ற நாடுகளில் கைப் பிரேக்கும் கால்பழக்கமுமே காவலாக நின்றன. நம் நாடும் அவற்றுள் ஒன்று.

நம் நாட்டில் அந்தக் காவல் எத்தகையது என்பதை விழுப்புரத்தில் காணலாம். 1975ஆம் ஆண்டில் அந்நகரைத் தலைமையிடமாகக் கொண்டு தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. 1997ஆம் ஆண்டில் அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் (விழுப்புரம்) என்று பெயர் பெற்றது. சமவெளி நகரில் தலைமையிடம் கொண்ட அக்கழகத்தின் பஸ்கள் சமவெளியில் மட்டும் ஓடுவனவல்ல. கல்வராயன் மலையிலும், சவ்வாது மலையிலும், 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட ஏலகிரி மலைப்பாதையிலும் அவை ஏறி இறங்குகின்றன. பயணிகளோடு 15 டன் எடையுள்ள ஒரு பஸ் 20க்கு 1 என்ற சரிவில் நின்றால், அதனைப் பின்னுக்கு இழுக்கும் விசை ஏறத்தாழ 750 கிலோ எடைக்கு ஈடாகும். பன்னிரண்டு ஆட்கள் ஒன்றாகத் தொங்கி இழுப்பதற்கு நிகர் அது. அந்த விசைக்கு எதிரே, தலைமுறை தலைமுறையாக நம் டிரைவர்கள் வைத்தது ஒரு காலின் நுண்ணுணர்வை. முதுகெலும்பால் எஞ்சினைக் கேட்டு, பாதத்தால் கிளட்சை அளந்து, பின்னே ஐம்பது உயிர்கள் அமர்ந்திருப்பதை ஒரு கணமும் மறவாமல் அவர்கள் வண்டியைக் கிளப்பினார்கள். அவர்களுடைய பெயர்களை எந்த வரலாற்று நூலும் எழுதவில்லை.

லாரிகளின் வரலாற்றில் இன்னொருவரும் உண்டு; அவர் கிளீனர். பாரம் ஏற்றிய லாரி மேட்டில் நின்றால், கையில் கட்டையோடு கீழே குதித்துச் சக்கரத்தின் பின் அதனை வைப்பது அவர் கடமை. மாட்டு வண்டிக்காரரின் மகன் செய்த அதே வேலை. சக்கரம்தான் பெரிது, பாரம்தான் பன்மடங்கு. கட்டையை வைக்கும் கணத்தில் டிரைவரின் கால் வழுக்கினால் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. வண்டி சென்றபின் சாலையில் விட்டுச் செல்லப்பட்ட கல் இருட்டில் வரும் இருசக்கர வண்டிக்காரருக்குக் கூற்றமாவதும் உண்டு. வண்டியை நிறுத்தும் பொறுப்பு வண்டிக்குள்ளேயே இல்லாத வரையில், அதன் விலையை வெளியே நிற்கும் எளியவன் ஒருவன் செலுத்துகிறான். இது நாம் ஊன்றிக் கருதவேண்டிய செய்தி.

அரசும் இதனை அறியாமல் இல்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆம் விதி, ஓட்டுநர் உரிமம் வேண்டுவோர் செய்து காட்டவேண்டியவற்றை வரிசையாகக் கூறுகிறது. செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, கைப் பிரேக்கையோ, அல்லது ஆக்ஸிலரேட்டரையும் கால் பிரேக்கையுமோ முறையாகப் பயன்படுத்தி, சிறிதும் பின்னே உருளாமல் மீண்டும் கிளப்ப வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. உரிமம் பெறுவதற்கு 'எட்டுப் போடவேண்டும்' என்பதை நம் நாட்டில் அறியாதார் இலர். மேட்டில் நிறுத்திக் கிளப்ப வேண்டும் என்பதை அறிந்தவர் சிலரே. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் ஓட்டப் பழகும் இளைஞருக்கு இப்பாடத்தைக் கற்பிக்கும் பள்ளிக்கூடம் மேம்பாலத்தின் ஏற்றமே. ஆனால் போக்குவரத்து மிகுந்த வேளையில் அது பள்ளிக்கூடம் அன்று, தேர்வு மண்டபம். காலை வேளையில், சாலை வெறிச்சோடியிருக்கும்போது, ஆசிரியர் அருகிருக்கப் பழகியவனே அத்தேர்வில் வெல்வான்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1978ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கிய, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் மின்னணுப் பிரேக் முறை மெர்சிடிஸ் கார்களில் வந்தது. 1995ஆம் ஆண்டில், வண்டி வழுக்கித் திரும்பாமல் காக்கும் முறையும் அதே கார்களில் வந்தது. இவற்றுக்காக ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் எண்ணெயையும் தனித்தனியே அடைக்கவும் திறக்கவும் வல்ல மின்கதவுகள் வண்டியில் அமைந்தன. கதவுகள் ஆயத்தமாக இருக்கும்போது, பழைய உருண்டையின் வேலையை அவற்றிடமே ஒப்படைக்கலாம் அன்றோ? அவ்வாறு பிறந்ததே, இன்று 'ஹில் ஸ்டார்ட் அசிஸ்ட்' என்றும் 'ஹில் ஹோல்டு' என்றும் கார் விற்போர் கூறும் மேட்டுத் துணை. வண்டி சாய்ந்திருப்பதை ஓர் உணர்கருவி அறிகிறது. பிரேக்கை விட்டு வலக்கால் எழுந்தபின்னும், ஏறத்தாழ இரண்டு நொடி வரை எண்ணெயின் அழுத்தத்தை மின்கதவு விடாமல் வைத்திருக்கிறது. எஞ்சினின் விசை போதிய அளவுக்கு வந்ததும் பிடியைத் தளர்த்துகிறது. பழைய உருண்டை முன்னோக்கி ஏறும் வண்டியை மட்டுமே காத்தது. புதிய கருவி பின்னோக்கி மேடேறும் வண்டியையும் காக்கும். விலை உயர்ந்த கார்களில் தொடங்கிய இவ்வசதி, இன்று நம் நாட்டின் சிறிய கார்கள் பலவற்றிலும் காணப்படுகிறது.

இரண்டு நொடி! முன்னே நாம் கணக்கிட்ட இரண்டு நொடியும் இதுவேயாகும். சிறுமியின் மிதிவண்டிக்கும் காருக்கும் இடையே நின்ற அந்த ஒரு மீட்டரை இக்கருவி காக்கிறது. மேலும், வண்டியைக் கைப் பிரேக்கு இல்லாமல் அரைக் கிளட்சிலேயே மேட்டில் தொங்கவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதனால் கிளட்ச் தகடு தேய்ந்து கருகும். அந்த இழப்பும் குறைகிறது.

'கருவி வந்தால் கைத்திறன் போகும்' என்று வருந்துவோர் உளர். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. கருவி உள்ள காரில் மட்டும் பழகியவன், கருவி இல்லாத காரை மேம்பாலத்தில் ஓட்ட நேர்ந்தால் திகைப்பான். இரண்டு நொடிக்குப் பிறகு கருவி தன் பிடியை விட்டுவிடும் என்பதை அறியாதவன், அதனையே நம்பிக் காலை எடுத்துவிட்டு இருந்தால் கேடு வரும். மேட்டுத் துணை கைப் பிரேக்குக்கு மாற்று அன்று. அது நிறுத்தி வைப்பதற்கு அன்று, கிளம்புவதற்கே துணை. ஆதலால் பழைய பாடத்தைக் கற்றபின் புதிய துணையை ஏற்பதே அறிவுடைமை.

ஆயினும், திறன் அழியும் என்று அஞ்சிக் கருவியை வெறுப்பது தகாது. சோழநாட்டில், நம் நாட்டின் மிகப் பெரிய தேர்களுள் ஒன்றான திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சிராப்பள்ளி பெல் நிறுவனத்தார் நீர்ம அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கைப் பொருத்தினார்கள். பாஸ்கலின் விதி தியாகேசர் தேரின் அடியிலும் சென்று தொண்டு செய்கிறது. அதனால் முட்டுக்கட்டை இடுவோரின் கலை மறைந்துவிடவில்லை. தேரைத் திருப்ப இன்றும் அவர்கள் வேண்டும். ஆனால் ஓடும் தேரை நிறுத்த உயிரைப் பணயம் வைக்கவேண்டிய நிலை தணிந்தது. கலை வாழ்ந்தது; கலைஞனும் வாழ்ந்தான். கருவி செய்ய வேண்டிய தொண்டு இதுவே.

கல் வைத்த சிறுவன், கட்டை இட்ட தேர்த்தொண்டன், லாரியின் பின்னே குனிந்த கிளீனர், கைப் பிரேக்கின்மேல் கைவைத்த டிரைவர், சிறு அறையில் உருண்ட உலோக உருண்டை, இன்று நம் கண்ணுக்குப் புலனாகாத மின்கதவு, இவை யாவும் ஒரே வினாவுக்கு மனிதகுலம் காலந்தோறும் கூறிய விடைகள். விடை மாறும்தோறும் சக்கரத்தின் அருகே இருந்த மனிதன் ஓரடி விலகி நிற்க முடிந்தது. இதனையே முன்னேற்றம் என்று கூறலாம். எந்தக் கருவியைப் பார்க்கும்போதும், 'இது எத்தனை வேகம் ஓடும்?' என்று மட்டும் கேளாதீர்கள். 'இது யாருடைய கையைச் சக்கரத்தின் அடியிலிருந்து எடுத்தது?' என்றும் கேளுங்கள்.

மாணவ நண்பர்களே, உங்களிற் பலர் நாளை வண்டி ஓட்டுவீர்கள்; சிலர் வண்டியைப் படைக்கவும் செய்வீர்கள். திண்டிவனத்து மேம்பாலத்திலோ விழுப்புரத்து மேம்பாலத்திலோ ஒரு மாலைப்பொழுதில் உங்கள் வண்டி நிற்க நேரும். அப்போது பின்னே காட்டும் கண்ணாடியை ஒருமுறை பாருங்கள். அங்கே ஒரு மிதிவண்டி நிற்கும். உங்கள் காரில் மேட்டுத் துணை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்தக் கண்ணாடியைப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் எந்தக் கருவியும் உங்களுக்குத் தர இயலாது; அது உங்களிடமே இருக்கவேண்டும்.